பழைய பாய்லருக்குப் புதுக் குழாய்: அளவறிந்து வாங்கும் முறை

சென்னைக்கு வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரையில் கடலோரமாக நீண்டு கிடக்கும் பிரதேசம் நீராவியின் பலத்தால் வளர்ந்தது என்று கூறினால் அது மிகையாகாது. 1856-ஆம் வருஷத்தில் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட முதல் ரயில் வண்டியை இழுத்தது நீராவி. எண்ணூரில் 1970 முதல் 2017 வரையில் நடந்துவந்த அனல்மின் நிலையத்தில் மின்சார யந்திரங்களைச் சுழற்றியதும் நீராவியே. அப்பிரதேசத்தின் பின்புறமாயுள்ள மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம், செங்குன்றம் முதலிய ஊர்களிலோ நீராவியின் வேலை நெல்லைப் புழுக்குவதாகும். உமியை எரித்து நீராவி எழுப்பி, அந்த நீராவியைக் கொண்டு நெல்லைப் புழுங்கவைக்கும் ஆலைகள் குடியானவனுக்கும் சந்தைக்கும் நடுவில் நிற்பவை.

இத்தகைய ஆலையை நடத்தும் கூட்டுறவு சங்கங்கள் பலவற்றில் பாய்லர் புதியதாக இராது. ஓர் ஆலையில் முப்பது வருஷம் உழைத்ததை மற்றோர் ஆலை விலைக்கு வாங்கியிருக்கும். பாய்லரின் கனத்த உடற்கூடு நல்ல பராமரிப்பில் பல காலம் நிற்கும். ஆனால் அதனுள்ளிருக்கும் குழாய்கள், அதாவது டியூப்கள், தேய்ந்து ஒழுகுவது இயல்பு. அப்போது சங்கத்தின் பஞ்சாயத்தார் முன்னே எழும் கேள்வி ஒன்றுதான்: என்ன குழாய் வாங்குவது? இக்கேள்விக்குச் சரியான விடை காணும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உதாரணமாக ஒரு சங்கத்தின் நிலையை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். மார்கழிக் கடைசி. சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. அங்கத்தினரின் நெல் மூட்டைகள் ஆலையின் தாழ்வாரத்தில் வந்து அடுக்கப்படுகின்றன. பாய்லரில் நான்கு குழாய்கள் ஒழுகுகின்றன. காரியதரிசி டெலிபோனில் விசாரிக்க, வியாபாரி ஒருவர், “இரண்டரை அங்குலக் குழாய்தானே? நாளைக்கே லாரியில் ஏற்றிவிடுகிறேன்” என்கிறார். பாய்லர்க்காரரோ தயங்கி நின்று, “ஐயா, எத்தனை கேஜ் என்று கேட்டீர்களா?” என்கிறார். அந்த ஒரு வார்த்தையில் சங்கத்தின் பணமும் அந்தப் பாய்லர்க்காரரின் உயிரும் அடங்கியிருக்கின்றன.

1. குழாயின் வேலை

பாய்லர்கள் பலவகைப்படும். லங்காஷயர் பாய்லர் என்பதில் நெருப்பு செல்லும் பெரிய குகைபோன்ற இரண்டு வழிகள் மட்டுமே உண்டு. சிறு குழாய்கள் இரா. ரயில் எஞ்சின் மாதிரியில் அமைந்த பாய்லரிலும், காக்ரன் என்னும் நிமிர்ந்த பாய்லரிலும் பல சிறு குழாய்கள் உண்டு. அவற்றினுள்ளே நெருப்பின் வெப்பக் காற்றும் புகையும் செல்லும். வெளிப்புறத்தைத் தண்ணீர் சூழ்ந்திருக்கும். இவற்றை நெருப்புக் குழாய் பாய்லர் என்பர். பாப்காக் வில்காக்ஸ் முதலிய மாதிரிகளில் இதற்கு நேர்மாறாகக் குழாயினுள்ளே தண்ணீரும் வெளியே நெருப்பும் இருக்கும். இவை நீர்க்குழாய் பாய்லர்கள்.

இந்த வேற்றுமையை அறிவது அவசியம். நெருப்புக் குழாயை நீராவியின் அழுத்தம் வெளியிலிருந்து உள்நோக்கி நசுக்குகிறது. நீர்க்குழாயை உள்ளிருந்து வெளிநோக்கிப் பிளக்கப் பார்க்கிறது. ஆகவே ஒரே விட்டமுள்ள குழாயானாலும் இரண்டிற்கும் வேண்டிய கனத்தைக் கணக்கிடும் முறை வேறு.

நெருப்புக் குழாய் பாய்லரில் மற்றொரு விஷயமும் உண்டு. குழாய்களின் இரு முனைகளும் பொருந்தியிருக்கும் தட்டையான தகடுகளுக்கு டியூப் பிளேட் என்று பெயர். நீராவியின் அழுத்தம் இவ்விரு தகடுகளையும் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிக்கொண்டேயிருக்கும். அவை பிரிந்துபோகாமல் இழுத்துப் பிடிப்பதற்காகக் குழாய்களுக்கிடையே ஆங்காங்கு கனத்த குழாய்கள் சில வைக்கப்பட்டிருக்கும். அவை ஸ்டே டியூப் எனப்படும். வீட்டுக் கூரையில் சாதாரண வாரைக்கும் உத்திரத்திற்கும் எவ்வளவு பேதமோ அவ்வளவு பேதம் சாதாரணக் குழாய்க்கும் ஸ்டே டியூபுக்கும் உண்டு. ஸ்டே டியூபை எடுத்துவிட்டு அவ்விடத்தில் சாதாரணக் குழாயை வைப்பது உத்திரத்தை உருவிவிட்டு வாரையைச் சொருகுவதை ஒக்கும்.

2. அளவு தவறினால் நேர்வது

100 ராத்தல் அழுத்தத்தில், அதாவது சதுர செண்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோகிராம் அழுத்தத்தில், வேலை செய்யும் பாய்லரில் தண்ணீரின் உஷ்ணம் சுமார் 170 டிகிரி செண்டிகிரேடாகும். அழுத்தம் திடீரென்று நீங்கினால் அத்தண்ணீரில் ஒரு பகுதி க்ஷணத்தில் நீராவியாக மாறிவிடும். தண்ணீர் நீராவியாகும்போது சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் 1,600 மடங்கு பெருகுகிறது. ஒரு குழாய் அமுங்கிப் பிளந்தால் அந்த நீராவியும் கொதிநீரும் அடுப்பினுள் பாய்ந்து, எரியும் உமியையும் தணலையும் கதவு வழியாக வெளியே வாரியடிக்கும். கதவின் முன் நிற்பவர் யார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கனம் குறைந்த உலோகத்தால் பழுது பார்ப்பதன் விளைவை உலகம் 1865-ஆம் வருஷத்திலேயே கண்டது. அமெரிக்காவில் மிஸிஸிபி நதியில் சென்ற சுல்தானா என்னும் நீராவிப் படகின் பாய்லர் ஒன்றில் தகடு புடைத்திருந்தது. முழுத் தகட்டையும் மாற்ற நாளாகும் என்று கருதி, முந்தைய தகட்டைவிட மெல்லிய ஒட்டுத் தகடு வைத்து அவசரமாகச் சரிசெய்தனர். அவ்வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி மெம்பிஸ் நகருக்கருகே பாய்லர்கள் வெடித்தன. மாண்டோர் 1,100 பேருக்கு மேற்பட்டவர். அளவுக்கு மீறிய ஜனக்கூட்டம், நதியின் சேற்று நீர், மெல்லிய ஒட்டு ஆகியவை எல்லாம் சேர்ந்தே அவ்விபத்து நேர்ந்தது என்று ஆராய்ந்தவர்கள் கூறுவர். அவசரமும் சேற்று நீரும் மெல்லிய உலோகமும் நமது ஆலைகளுக்கும் புதியவையல்ல.

3. சட்டம் கூறுவது

இந்தியாவில் பாய்லர் சட்டம் பிறந்ததும் விபத்தின் பயனாகவே. 1863-ஆம் வருஷத்தில் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் மாண்டதன் பின், 1864-இல் வங்காளத்தில் முதல் சட்டம் இயற்றப்பட்டது. பிறகு மாகாணத்துக்கு ஒரு சட்டமாக வளர்ந்து, ஒரு பாய்லருக்கு ஒரு மாகாணத்தில் ஓர் அழுத்தமும் மற்றொரு மாகாணத்தில் வேறோர் அழுத்தமும் அனுமதிக்கப்படும் குழப்பம் நேர்ந்தது. அதை நீக்க 1923-ஆம் வருஷத்து இந்தியப் பாய்லர் சட்டம் ஏற்பட்டு 1924 ஜனவரி முதல் அமுலுக்கு வந்தது. அச்சட்டத்தின்கீழ் 1950-இல் வகுக்கப்பட்ட விதிகள் குழாய் முதலிய ஒவ்வோர் உறுப்பின் கனத்தையும் கணக்கிடும் முறையைக் கூறின. 2025-ஆம் வருஷத்தில் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய பாய்லர் சட்டம் வந்தது.

சட்டம் மாறினும் அங்கத்தினர் மனத்தில் வைக்கவேண்டிய கட்டளைகள் மாறவில்லை. பதிவு செய்யாத பாய்லரை ஓட்டலாகாது. சான்றிதழின் காலம் கடந்தபின் ஓட்டலாகாது. அதில் கண்ட அழுத்தத்திற்கு மேல் ஓட்டலாகாது. எழுத்து மூலமான அனுமதியின்றிப் பாய்லரின் அமைப்பில் மாறுதலோ, சேர்ப்போ, புதுப்பித்தலோ செய்யலாகாது. ஆகவே குழாய் மாற்றும் யோசனை எழுந்தவுடனே பாய்லர் இன்ஸ்பெக்டருக்கு எழுதவேண்டும். வாங்கி மாட்டியபின் எழுதுவது முறையன்று. முன்கூட்டி எழுதினால் அவரே பல ஐயங்களைத் தீர்த்துவைப்பார்.

4. முதலில் ஏட்டைத் தேடுக

அளவுகோலைக் கையில் எடுக்குமுன் ஏட்டைத் தேடுவதே உத்தமம். தேய்ந்த குழாய் சொல்லும் அளவைவிடப் பிறந்தநாளில் எழுதிய அளவே நம்பத்தக்கது. தேடவேண்டிய இடங்கள் வருமாறு:

(அ) பாய்லரின் உடலில் பதித்த தகடு. செய்தவர் பெயர், செய்த வருஷம், தொழிற்சாலை எண், வேலையழுத்தம் ஆகியவை இதில் இருக்கும். பல ஆலைகளில் வருஷந்தோறும் பூசிய வர்ணத்தின்கீழ் இது மறைந்து கிடக்கும். உளியால் கொத்தாமல், வர்ணத்தை மெதுவாகக் கரைத்துப் பார்க்கவேண்டும்.

(ஆ) பதிவு எண். ஒவ்வொரு பதிவான பாய்லரின் உடலிலும் இது அழியாதபடி வெட்டப்பட்டிருக்கவேண்டும். பாய்லர் எத்தனை கை மாறினாலும் அதன் வரலாற்றைத் திறக்கும் சாவி இந்த எண்ணே.

(இ) பதிவுப் புத்தகம். முதல் பதிவின்போது இன்ஸ்பெக்டர் அளந்து எழுதிய விவரங்களும், பின் வந்த பரீக்ஷைகளின் குறிப்புகளும் இதில் உண்டு. குழாய்களின் எண்ணிக்கை, வெளி விட்டம், கனம், ஸ்டே டியூப்கள் எத்தனை என்பவை இதிலிருந்தே கிடைக்கக்கூடும். முன்பு எப்போதாவது குழாய் மாற்றியிருந்தால் அதுவும் தெரியவரும்.

(ஈ) பாய்லர் இலாகாவின் ஏடு. சங்கத்தின் புத்தகம் செல்லரித்துப் போயிருந்தால் தமிழ்நாடு அரசின் கொதிகலன் இயக்குநரகத்திற்குப் பதிவு எண்ணைக் குறித்து எழுதவேண்டும். பாய்லர் வேறு ராஜ்யத்திலிருந்து வந்ததாயின் அவ்விடத்து இலாகாவிலும் விசாரிக்கலாம்.

(உ) செய்தவர்களின் காகிதம். தொழிற்சாலை எண்ணைக் கொடுத்துக் கேட்டால் சில கம்பெனிகள் பழைய படங்களைத் தேடிக் கொடுக்கும். கம்பெனி மறைந்து அதன் பெயர் மட்டும் எஞ்சியிருப்பதும் உண்டு. அப்பொழுது இவ்வழி அடைபட்டதென்று கருதி அடுத்ததற்குச் செல்லவேண்டும்.

1904-ஆம் வருஷத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் விவசாயிகளின் கடன் சங்கம் பதிவான காலம் முதல் கூட்டுறவுக்கு உயிர்நாடியாக இருந்து வருவது கணக்குப் புத்தகம். அங்கத்தினரின் கடன் பேரேட்டைப் பூட்டி வைக்கும் சங்கம் பாய்லரின் புத்தகத்தை ஆலை மூலையில் எண்ணெய்த் துணியுடன் போட்டுவைப்பது பொருந்தாது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கவேண்டும்.

5. ஏடு இல்லாவிடத்தில் அளக்கும் முறை

ஏடு கிடைக்காவிட்டால் மனம் தளரவேண்டியதில்லை. 1855-இல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு, வெகுகாலம் காட்சிப் பொருளாக நின்ற இ.ஐ.ஆர். 21 என்னும் ரயில் எஞ்சினைப் பெரம்பூர் லோகோ தொழிற்சாலையார் 2010-ஆம் வருஷத்தில் மறுபடி ஓடவைத்தனர். இல்லாத உறுப்புகளைப் புதிதாகச் செய்தே அவ்வேலையை முடித்தனர். பொறுமையும் அளவும் சேர்ந்தால் பழைய இரும்பும் தன் விவரத்தைச் சொல்லும் என்பதற்கு வட சென்னையிலேயே உள்ள சான்று இது.

பாய்லரை நன்றாய் ஆறவைத்து, நீரை வடித்து, மற்ற பாய்லருடன் இணைக்கும் வால்வுகளை அடைத்தபின், தகுதிபெற்ற பழுதுபார்ப்போரைக் கொண்டு ஒரு குழாயை வெட்டி எடுக்கவேண்டும். எந்த வரிசையில் எத்தனையாவது குழாய் என்பதைச் சுண்ணக்கட்டியால் குறித்துப் படமும் வரைந்துகொள்ளவேண்டும். பிறகு பின்வருமாறு அளக்கவேண்டும்.

வெளி விட்டம். உப்புப் படிவையும் துருவையும் வெறும் உலோகம் தெரியும்வரை நீக்கியபின் காலிப்பரால் பல இடங்களில் அளக்கவேண்டும். குழாயின் நடுப்பகுதி அரித்துக் குறைந்திருக்கும். டியூப் பிளேட்டினுள் இருந்த முனையோ விரித்துப் பொருத்தியதால் பெருத்திருக்கும். இவ்விரண்டையும் நம்பாமல், முனையை ஒட்டி உள்ளே அரிப்பில்லாத இடத்தை அளப்பதே சரி. நடுவில் 62 மில்லிமீட்டரும் அவ்விடத்தில் 63.5 மில்லிமீட்டரும் காட்டினால், அது முதலில் இரண்டரை அங்குலக் குழாய் என்று அறியலாம்.

கனம். குழாயிலிருந்து ஒரு வளையம் அறுத்து, மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் அளக்கவேண்டும். மிகக் கூடிய அளவே முதற்கனத்துக்கு அருகில் இருப்பது. மிகக் குறைந்த அளவு எவ்வளவு தேய்ந்தது என்பதைச் சொல்லும். சராசரி எடுப்பது இங்கே பயன்படாது. தேய்மானத்தையும் சேர்த்து அளந்து புதுக் குழாய்க்கு விதித்ததாகிவிடும்.

நீளம். இரு டியூப் பிளேட்டுகளின் வெளிமுகங்களுக்கிடையேயுள்ள தூரத்தை அளந்து, இருபுறமும் முனை வெளியே நிற்க வேண்டிய அளவைச் சேர்க்கவேண்டும். தூரம் 2,438 மில்லிமீட்டராயிருந்து, முனைகள் 6 மில்லிமீட்டர் வீதம் நிற்க வேண்டுமானால் நீளம் 2,450 ஆகும். பழைய பாய்லரில் டியூப் பிளேட் சற்றுப் புடைத்திருத்தல் கூடுமாதலால் மேலும் கீழும் நடுவிலுமாகப் பல துவாரங்களில் அளக்கவேண்டும்.

துவாரம். குழாயை எளிதில் உருவி எடுக்கும்பொருட்டு முன்புறத் துவாரம் பின்புறத் துவாரத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதுண்டு. அவ்வாறாயின் புதுக் குழாயின் முன்முனையும் விரித்ததாக வேண்டும். பலமுறை குழாய் மாற்றிய பாய்லரில் துவாரம் முட்டைவடிவாகப் போயிருக்கலாம். அதை இன்ஸ்பெக்டருக்குக் காட்டாமல் மறைத்தல் கூடாது.

எண்ணிக்கை. சாதாரணக் குழாய் எத்தனை, ஸ்டே டியூப் எத்தனை என்று தனித்தனியே எண்ணவேண்டும். ஸ்டே டியூபின் முனை திருகுமரை வெட்டியோ பற்றவைத்தோ இருக்கும். அதன் சுவரும் கண்ணுக்கே கனமாய்த் தோன்றும்.

6. குழாயும் பைப்பும் ஒன்றல்ல

பணத்தை அதிகமாக விழுங்கும் தவறு இதுவே. பாய்லர் குழாயை வெளி விட்டத்தால் அழைப்பர். தண்ணீருக்கும் நீராவிக்கும் வழியாகப் போடும் பைப்பையோ உள்துவாரத்தை ஒட்டிய பெயரளவால் அழைப்பர். இரண்டு அங்குலப் பாய்லர் குழாயின் வெளி விட்டம் 50.8 மில்லிமீட்டர், இரண்டு அங்குலப் பைப்பின் வெளி விட்டம் 60.3. மூன்று அங்குலக் குழாய்க்கு 76.2, மூன்று அங்குலப் பைப்புக்கு 88.9. வெறும் “இரண்டு அங்குலம்” என்று எழுதி அனுப்பினால் டியூப் பிளேட்டின் துவாரத்தில் நுழையாத சரக்கு வந்து சேரும். நுழைவதற்காகத் துவாரத்தைப் பெரிதாக்குவது பாய்லரைக் கெடுப்பதாகும்.

கனத்தைக் குறிக்கும் கேஜ் எண்ணிலும் வலை உண்டு. எண் ஏற ஏறக் கனம் குறையும் என்பதை முதலில் நினைவிற்கொள்ளவேண்டும். அன்றியும் பழைய கணக்கில் இரண்டு கேஜ்கள் வழங்கின. ஸ்டாண்டர்டு கேஜில் 8 என்பது 4.06 மில்லிமீட்டர், 9 என்பது 3.66, 10 என்பது 3.25, 12 என்பது 2.64. பர்மிங்ஹாம் கேஜிலோ 8 என்பது 4.19, 10 என்பது 3.40, 12 என்பது 2.77. ஆகவே “10 கேஜ்” என்று மட்டும் எழுதுவது அரைகுறைப் பேச்சு. விட்டம், கனம், நீளம் மூன்றையும் மில்லிமீட்டரிலேயே எழுதவேண்டும்.

வந்த சரக்கின் கனத்தைச் சங்கத்தின் தராசே சோதிக்கும். வெளி விட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, மிச்சத்தை அதே கனத்தால் பெருக்கி, அதை 0.02466 ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் எஃகுக் குழாயின் எடை கிலோகிராமில் கிடைக்கும். 63.5 மில்லிமீட்டர் குழாய் 3.66 கனமுள்ளதானால் மீட்டருக்கு 5.40 கிலோகிராமும், 3.25 கனமுள்ளதானால் 4.83 கிலோகிராமும் நிற்கும். செய்முறையில் சிறிது ஏறக்குறைய இருக்கலாம். ஆயினும் 5.40 வரவேண்டிய இடத்தில் 4.50 வந்தால் சரக்கை இறக்காமலே திருப்பவேண்டும். நெல் மூட்டையின் எடையில் ஏமாறாத அங்கத்தினர் குழாயின் எடையில் ஏமாற வேண்டுவதில்லை.

மெல்லியதால் அபாயம் என்றால் மிகக் கனத்ததை வாங்கிவிடலாமே என்று சிலர் எண்ணுவர். அதுவும் முறையன்று. மிகக் கனத்த குழாயை விரித்துப் பொருத்தும்போது துவாரங்களுக்கு இடையிலுள்ள குறுகிய தகட்டுப்பகுதி வருந்தும். நெருப்பின் பக்கத்து முனையும் அதிகமாய்க் காய்ந்து வெடிக்கும். எந்த அழுத்தத்திற்கு எந்தக் கனம் என்பதை இன்ஸ்பெக்டர் விதிப்படி கணக்கிட்டு ஒப்புக்கொள்ளவேண்டும்.

7. உலோகமும் அதன் சான்றும்

மிகப் பழைய பாய்லர்களில் தேனிரும்புக் குழாய்கள் இருந்ததுண்டு. இக்காலத்தில் மாற்றுவதற்குப் பாய்லர் குழாய்க்கென்றே செய்த எஃகுக் குழாயை வாங்கவேண்டும். இந்தியத் தரத்தில் ஐ.எஸ். 1914 என்பது பாய்லருக்கான கார்பன் எஃகுக் குழாய்களைப் பற்றியது. இந்த 1914 ஒரு வரிசை எண், வருஷமன்று. பிரிட்டிஷ் தரத்தில் பி.எஸ். 3059 என்றும், அமெரிக்க முறையில் எஸ்.ஏ. 178, எஸ்.ஏ. 192, எஸ்.ஏ. 210 என்றும் எண்கள் உண்டு. அவற்றுள் 178 என்பது மின்சாரத்தால் நெடுகப் பற்றவைத்த குழாய். 192-உம் 210-உம் சீம்லெஸ் என்னும் தையலில்லாக் குழாய்கள். பற்றவைத்ததென்பதால் மட்டும் ஒரு குழாய் தள்ளத்தக்கதாகாது. பாய்லர் தரத்தில் செய்ததா, இந்த அழுத்தத்திற்கு ஏற்றதா என்பனவே கேள்விகள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தண்ணீர்ப் பைப்பைப் பாய்லரினுள் வைப்பது எவ்வாற்றானும் கூடாது.

பழைய குழாயின் உலோகம் எது என்று ஐயம் எழுந்தால் வெட்டிய துண்டைச் சோதனைச்சாலைக்கு அனுப்பலாம். சென்னையில் தேசியச் சோதனைச்சாலையின் கிளை உண்டு. அதன் முடிவு கைக்கு வந்தபின் இன்ஸ்பெக்டருடன் கலந்து பேசுவது எளிது.

குழாயுடன் செய்தவரின் சான்றிதழ் வரவேண்டும். உருக்கிய தொகுதியின் எண், உலோகத்தின் சேர்க்கை, நீர் அழுத்தப் பரீக்ஷை, தட்டையாக்கல், விரித்தல் முதலிய பரீக்ஷைகளின் முடிவு ஆகியவை அதில் காணும். குழாயின்மேல் அடித்த எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும். சான்றிதழில்லாத குழாய் எவ்வளவு பளபளத்தாலும் பாய்லருக்கு ஆகாது. இன்ஸ்பெக்டர் அதை ஏற்கமாட்டார்.

8. வாங்குமிடம்

சென்னை ஜார்ஜ் டவுனில் செம்புதாஸ் தெருவும் அதன் அக்கம்பக்கமும் பைப்பும் குழாயும் விற்பதில் பெயர்பெற்றவை. திருவொற்றியூரை அடுத்த சாத்தங்காட்டில் இரும்பு எஃகுச் சந்தை இருக்கிறது. இவ்விடங்களில் நல்ல சரக்கும் உண்டு. கப்பலிலிருந்தும் மூடிய ஆலைகளிலிருந்தும் கழற்றித் தேய்த்து வர்ணம் பூசிய பழைய சரக்கும் உண்டு. கண்ணால் இரண்டையும் பிரிப்பது அரிது, சான்றிதழே பிரிக்கும். ஆவடியிலும் திருச்சியிலும் குழாய் செய்யும் தொழிற்சாலைகள் இருப்பதால் தொகை அதிகமாயின் அவற்றின் விற்பனையாளரிடமும் கேட்கலாம்.

குறைந்தது மூன்று இடங்களிலிருந்து எழுத்து மூலமாக விலை கேட்கவேண்டும். கேட்கும் கடிதத்தில் வெளி விட்டம், கனம், நீளம், தர எண், தையலில்லாததா பற்றவைத்ததா என்பது, சாதாரணம் எத்தனை, ஸ்டே எத்தனை, சான்றிதழ் வேண்டும் என்பது ஆகிய யாவும் இருக்கவேண்டும். எல்லோருக்கும் ஒரே கடிதம் சென்றால்தான் விலைகளை ஒப்பிடமுடியும். “பாய்லர் குழாய் 40” என்று மட்டும் கேட்டு மிகக் குறைந்த விலையை ஏற்ற பஞ்சாயத்தார், மெல்லிய சரக்கைத் தாமே கேட்டு வாங்கியவராவர். தணிக்கையாளர் விலையைப் பார்த்துத் திருப்தியடையலாம், நீராவி திருப்தியடையாது.

9. பொருத்தலும் பரீக்ஷையும்

குழாய் பொருத்துவது தகுதிச்சான்று பெற்ற பழுதுபார்ப்போரின் வேலை. எக்ஸ்பாண்டர் என்னும் உருளைக் கருவியால் முனையை உள்ளிருந்து விரித்துத் துவாரத்தில் இறுகச் செய்வர். அளவுக்கு மிஞ்சி விரித்தால் குழாய் மெலிந்து தகடும் விரிசல் காணும்; குறைவாக விரித்தால் ஒழுகும். வேலை முடிந்தபின் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் நீரை நிரப்பி, வேலையழுத்தத்திற்கு மேல் அவர் விதிக்கும் அளவுக்கு அழுத்திப் பரீக்ஷிக்கவேண்டும். குளிர்ந்த நீர் நீராவியைப்போலப் பெருகி வெடிக்காதாதலால் குறை இருப்பின் பெரும்பாலும் ஒழுக்கோடு நின்றுவிடும். அதன்பின் கிடைக்கும் சான்றிதழைப் பெறாமல் அடுப்பு மூட்டலாகாது.

10. தண்ணீரைக் கவனியாவிடில் குழாய் நில்லாது

குழாய் ஏன் கெட்டது என்று கேளாமல் குழாயை மாற்றினால், இரண்டு மூன்று வருஷத்தில் மறுபடியும் அதே செலவு. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துக் கிணறுகளில் அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்ததன் பயனாகக் கடல்நீர் நிலத்தடியில் புகுந்துவிட்டது 1960-களின் இறுதி முதல் அறியப்பட்ட விஷயம். அத்தகைய நீரைப் பாய்லரில் ஊற்றினால் உப்பு உலோகத்தை அரிக்கும். சுண்ணமுள்ள நீரோ குழாயின்மேல் படிந்து கல்லாகும். படிவு மூடிய குழாயிலிருந்து வெப்பம் நீருக்குச் செல்லாமல் தங்கி, உலோகம் அளவுக்கு மீறிக் காய்ந்து பலம் இழக்கும். உமியும் வீணாக அதிகம் எரியும். ஆகவே கிணற்று நீரைச் சோதித்து, வேண்டுமானால் மென்னீராக்கும் யந்திரம் வைத்து, அடிநீரை முறைப்படி வெளியேற்றிவரவேண்டும். வெட்டி எடுத்த பழைய குழாயை எறிந்துவிடாமல் அலுவலகத்தில் வைத்தால், மகாசபையில் அங்கத்தினர் யாவரும் நீரின் குணத்தைக் கண்ணாலே காணலாம்.

11. பஞ்சாயத்தார் செய்யவேண்டியது

குழாய் வெட்டியபோது டியூப் பிளேட் மெலிந்தும் துவாரங்களுக்கிடையே விரிசல் கண்டும் இருந்தால், புதுக் குழாய் வாங்குவது கந்தலுக்குச் சரிகை தைப்பதாகும். அப்போது பாய்லரையே மாற்றும் யோசனையை மகாசபை முன்வைப்பது நேர்மை. உடல் நன்றாயிருந்து குழாய் மட்டும் கெட்டிருந்தால் மேற்கூறிய முறையில் துணிந்து மாற்றலாம். எப்படியாயினும் இந்த வேலைக்கு உரிய காலம் ஆலை ஓய்ந்திருக்கும் மாதங்களே. ஆடியில் திறந்து பார்த்தால் ஏட்டைத் தேடவும் அளக்கவும் விலை கேட்கவும் அவகாசம் இருக்கும். மார்கழியில் திறந்து பார்ப்பவருக்கு வியாபாரி சொல்வதே வேதம்.

முன்சொன்ன சங்கத்தில் காரியதரிசி என்ன செய்யவேண்டும்? லாரியை நிறுத்தச் சொல்லவேண்டும். இன்ஸ்பெக்டருக்கு அன்றே எழுதவேண்டும். பதிவு எண்ணைத் துடைத்துப் படித்து, புத்தகத்தைத் தேடவேண்டும். தாழ்வாரத்து நெல்லை அண்டையிலுள்ள ஆலையில் கூலிக்குப் புழுக்க ஏற்பாடு செய்யவேண்டும். அதனால் சில நாள் லாபம் குறையும். அங்கத்தினர் சிலர் முணுமுணுப்பர். அடுப்புக் கதவின் முன் நிற்பவரும் ஓர் அங்கத்தினரின் பிள்ளையே என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுவது பஞ்சாயத்தாரின் கடமை. கேஜ் எத்தனை என்று கேட்ட அந்தப் பாய்லர்க்காரரையும் மகாசபைக்கு அழைத்துப் பேசவிடவேண்டும்.